சத்தம் அடங்கிய எஞ்சின்

சத்தம் குறைந்தால் இயந்திரம் நலமாயிருக்கிறது என்றே நாம் எண்ணுகிறோம். பழைய அம்பாசிடரைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் ஆபத்தானது.

என் தந்தை விட்டுச்சென்ற 1489 சிசி பெட்ரோல் அம்பாசிடர் எங்கள் கிருஷ்ணன்கோவில் வீட்டில் நிற்கிறது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த இக்காரை மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 வரை தயாரித்தது. அதன் எஞ்சின் 'டக் டக்' என்று தட்டுவது தெருவுக்கே பழக்கம். அத்தட்டல் மெல்ல மறைந்தபோது அண்டைவீட்டார் பாராட்டினர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த முதிய மெக்கானிக் மட்டும் முகம் சுளித்தார்.

"சத்தம் போடுற டேப்பட்டுக்குப் பயப்பட வேண்டாம் சார். பேசாம இருக்கு பாருங்க, அதுதான் எரிஞ்சுக்கிட்டிருக்கு" என்றார்.

வால்வின் தண்டுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடையே 0.015 அங்குலம், அதாவது ஏறக்குறைய 0.38 மில்லிமீட்டர், இடைவெளி வேண்டும். சூட்டில் உலோகம் நீளும். இடைவெளி இல்லையெனில் வால்வு முழுதாக மூடாது. எரிந்த வாயு வெளியேறும் வால்வு, மூடியிருக்கும் நேரத்தில்தான் தன் சூட்டை இருக்கைக்குக் கடத்தி ஆறுகிறது. அந்த ஓய்வு கிடைக்காவிடில் அதன் விளிம்பு கருகிப்போகும்.

இடைவெளி தானே குறைவதற்கும் காரணம் உண்டு. பெட்ரோலில் முன்பு கலந்திருந்த ஈயம் வால்வு இருக்கைக்குக் காப்பாக இருந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படுகிறது. மக்கள் நலத்துக்கு அது பெரும் நன்மை. ஆனால் பழைய வார்ப்பிரும்பு இருக்கைகள் தேய, வால்வு மேலேறி இடைவெளியை விழுங்கிவிடுகிறது.

அவர் கைகள் இப்போது நடுங்குகின்றன. ஆகவே அவர் நாற்காலியில் அமர்ந்து சொல்ல, நான் செய்தேன். பிளக்குகளைக் கழற்றி, ராக்கர் மூடியைத் திறந்து, ஹேண்டிலால் எஞ்சினை மெல்லச் சுற்றினேன். ரேடியேட்டர் பக்கமிருந்து வால்வுகளுக்கு 1 முதல் 8 வரை எண். "கூட்டினா ஒம்பது வரணும்" என்பது அவர் சூத்திரம். எட்டாம் வால்வு முழுதாகத் திறந்திருக்கையில் முதலாவதைச் சரிசெய்யவேண்டும்; ஆறாவது திறந்தால் மூன்றாவதை. லாக் நட்டைத் தளர்த்தி, ஃபீலர் கேஜின் தகட்டை இடையில் நுழைத்து, திருப்புளியால் திருகை நகர்த்தவேண்டும். தகடு லேசாகப் பிடித்தபடி வழுக்கினால் அளவு சரி. திருகு அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கி, மறுபடியும் அளக்கவேண்டும்.

வகுப்பில் மாத்திரை நடத்துபவன் நான். கண்ணிமைப்பதும் கைநொடிப்பதுமே தொல்காப்பியம் தரும் கால அளவு. ஒரு மாத்திரை கூடினால் படம் பாடமாகிவிடும். இத்தனை சிறிய அளவு பொருளையே மாற்றும் என்பதை மாணவர்க்கு உரைத்திருக்கிறேன். விரல் நுனியால் உணர்ந்தது அன்றுதான்.

மூடியைப் பூட்டி எஞ்சினை இயக்கியதும் பழைய தட்டல் திரும்பியது. அவர் கண்களை மூடிக் கேட்டு, "மூணாவது மட்டும் கொஞ்சம் கூட இருக்கு" என்றார். அளந்து பார்த்தேன், அப்படியே இருந்தது. அந்தச் செவியை எந்தக் கையேட்டிலும் அச்சிட முடியாது. ஒன்பதின் கணக்கையாவது யாரேனும் எழுதிவைக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன்.