எண்ணென்னும் கண்

எண்ணையும் எழுத்தையும் மாந்தரின் இரு கண்களாகப் போற்றியது தமிழ் மரபு. அவ்வாறாயின், பார்வையின்றிப் பிறந்த குழந்தைக்கு அவ்விரு கண்களையும் வழங்குதல் ஆசிரியரின் முதற்கடமை அன்றோ? ஆயினும், அக்குழந்தைக்கு எழுத்தைக் கொடுத்த உலகம் எண்ணைக் கொடுக்க நெடுங்காலம் தயங்கியது. கணிதம் உனக்கு வேண்டாம் என்னும் அறிவுரை, கனிவின் பெயராலேயே கூறப்பட்டு வந்தது.

அவ்வறிவுரைக்கு ஆளானவர்களுள் ஒருவர் ஆபிரகாம் நெமத். 1918ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பார்வையின்றிப் பிறந்த அவர் கணிதத்தையே விரும்பினார். வழிகாட்டியோர் அவரை உளவியலின்பால் திருப்பினர். பட்டங்கள் பெற்றும் தக்க வேலை கிட்டவில்லை. வேலையற்ற உளவியலாளராக இருப்பதினும் வேலையற்ற கணித அறிஞராக இருப்பது மேலன்றோ என்று மனைவி கேட்ட கேள்வி, அவரை மீண்டும் கணிதத்திடம் சேர்த்தது. அன்றைய பிரெயில் முறை உயர்கணிதக் குறியீடுகளுக்கு ஈடுகொடுக்கவில்லை. ஆகவே அதே ஆறு புள்ளிகளைக் கொண்டு புதியதொரு குறிமுறையை வகுத்தார். அது 1952இல் வெளியிடப்பட்டது. 1955 முதல் முப்பது ஆண்டுகள் டெட்ராயிட் பல்கலைக்கழகத்தில் கற்பித்த அவர், கரும்பலகையிலும் எழுதிக் காட்டினார்.

நூல்களைத் தமக்கு வாசித்துக் காட்டுவோர்க்கும் நெமத் ஓர் ஒழுங்கை வகுத்தார். அதன் தேவையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். "ஒன்று வகுத்தல் எக்ஸ் கூட்டல் இரண்டு" என்று ஒருவர் வாசிக்கிறார். எக்ஸின் மதிப்பு 2 எனக் கொள்வோம். கூட்டல் பின்னத்திற்கு வெளியே நின்றால் விடை இரண்டரை. பகுதிக்குள் நின்றால் விடை கால். கண்ணுக்குப் பின்னக்கோட்டின் நீளமே இவ்வேறுபாட்டை உணர்த்திவிடும். செவிக்கு அக்கோடு இல்லை. பின்னம் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் வாய்விட்டுக் கூறினாலன்றிப் பொருள் விளங்காது.

கணினி எதிர்கொண்டதும் இதே சிக்கலைத்தான். இந்தியாவில் பிறந்து, பதினான்காம் வயதில் பார்வையிழந்த டி.வி. ராமன், கணித ஏடுகளைப் பேச வைக்கும் மென்பொருளை உருவாக்கி 1994இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். சமன்பாட்டின் அமைப்பைக் கணினிக்கு உணர்த்தும் மேத்எம்எல் என்னும் குறிமொழி 1998இல் வையவலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாயிற்று. அம்முறையில் எழுதப்பட்ட சமன்பாட்டைத் திரைவாசிப்பு மென்பொருள் உறுப்பு உறுப்பாகச் சொல்லும். விரலுக்கடியில் புள்ளிகள் எழுந்து அடங்கும் பிரெயில் கருவியிலும் அதைப் படிக்கலாம். அதே சமன்பாட்டை ஆசிரியர் நிழற்படமாக ஒட்டிவிட்டாலோ, பெரும்பாலும் "படம்" என்று மட்டும் கூறிக் கணினி கடந்துவிடும். ஆசிரியரின் கண்ணுக்குக் குறையொன்றும் தெரியாது. மாணவருக்கோ பாடமே இல்லாமற்போகும்.

கருவி இருந்தால் மட்டும் போதாது. அதைக் கையாளும் திறனையும் கற்பித்தல் வேண்டும். புதிய கருவியையும் புதிய கணக்கையும் ஒரே நாளில் சுமத்துதல் தகாது. தெரிந்த பின்னங்களைக் கொண்டு கருவியைப் பழக்கி, பழகிய கருவியைக் கொண்டு இயற்கணிதத்தைத் தொடங்குவதே முறை. வரைபடங்களுக்கும் இது பொருந்தும். மேடிட்ட கோடுகளை விரலால் தடவியறிந்த மாணவர், வளைவின் ஏற்ற இறக்கத்தைச் சுருதியின் ஏற்ற இறக்கமாக ஒலிக்கும் மென்பொருளை எளிதில் புரிந்துகொள்வார். குறைபார்வை உடையோருக்கு எழுத்தைப் பெரிதாக்கினால் போதுமெனக் கருதுவதும் பிழை. பெரிதாக்கும்போது சமன்பாட்டின் வலப்புறத்தைக் காணும் கண்ணிலிருந்து இடப்புறம் மறைந்துவிடும். ஆதலின் அவருக்கும் செவியின் துணை தேவை. பேசும் கணினி வந்தபின் பிரெயில் எதற்கு என்பாரும் உளர். ஒலி காற்றோடு கலந்துவிடும்; விரலடியில் நிற்கும் வரியோ, மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்க்க இடந்தரும்.

இவற்றுக்கெல்லாம் முந்திய கருவி ஆசிரியரின் நாவே. கரும்பலகையைச் சுட்டி "இதை அங்கே கொண்டு போனால் அது வரும்" என்று அவர் கூறும்போது, பார்வையற்ற மாணவர் வகுப்பில் இருந்தும் இல்லாதவராகிறார். எதை, எங்கே, ஏன் என்று பெயர்சொல்லிக் கூறினால் அவர் வகுப்போடு இணைகிறார். பார்வையுள்ள மாணவர்க்கும் பாடம் தெளிவாகிறது. நெமத் தமக்கு வாசித்தவர்களிடம் வேண்டிய அந்த ஒழுங்கை, கேட்கப்படுவதற்கு முன்பே ஒவ்வோர் ஆசிரியரும் கைக்கொள்வாராக.