மலை ஏறும் முன் கேட்க வேண்டிய மூன்று எண்கள்



ஆடிப்பெருக்கு நெருங்குகிறது. கொல்லிமலையில் வல்வில் ஓரி விழாவுக்குப் போகிறோம் என்று நம் குடும்பக் குழுவில் இதுவரை மூன்று வண்டிகள் பெயர் கொடுத்திருக்கின்றன. மணப்பாறையிலிருந்து குளித்தலை, முசிறி, நாமக்கல் வழியாகக் காரவள்ளி போய்ச் சேர்ந்தால், அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். "டயர் பாத்தாச்சு, ஏசி பாத்தாச்சு மாமா" என்றான் அக்கா மகன். பிரேக் பார்த்தாயா என்றேன். "சத்தம் ஒண்ணும் வரலையே!"

இந்தப் பதில் அவனுடையது மட்டுமல்ல, நம்மில் பாதிப் பேருடையது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

சைக்கிள் ஓட்டிய எல்லோருக்கும் பிரேக் தெரியும். இரண்டு ரப்பர்க் கட்டைகள் இரண்டு பக்கமும் ரிம்மைக் கவ்விப் பிடிக்கும். காரின் டிஸ்க் பிரேக்கும் அதே வேலைதான். ரிம்முக்குப் பதிலாக, சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் வார்ப்பிரும்புத் தட்டு, அது டிஸ்க். ரப்பர்க் கட்டைக்குப் பதிலாக பேட். கவ்விப் பிடிக்கும் கிடுக்கிக்குப் பெயர் காலிப்பர். இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பவர் 1902-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். நம் சிறிய கார்களில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்வதால் முன் பிரேக்தான் அதிகம் உழைக்கிறது. முதலில் தேய்வதும் அதுதான்.

இனிக் கொஞ்சம் இயற்பியல். வாத்தியாரை மன்னித்துவிடுங்கள். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 2 லட்சம் ஜூல். அதை நிறுத்தும்போது அத்தனையும் பேடிலும் டிஸ்க்கிலும் வெப்பமாக இறங்குகிறது. முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். இப்போது மலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1,000 மீட்டர் உயரத்திலிருந்து அதே வண்டி இறங்கினால் 1 கோடியே 47 லட்சம் ஜூல். அதாவது, 60 கி.மீ. வேகத்திலிருந்து 70 தடவை நிறுத்துவதற்குச் சமம். வளைவும் 70, கணக்கும் 70! இந்த வெப்பத்தில் கொஞ்சத்தை எஞ்சின் தாங்கினால் பிரேக் பிழைக்கும். எல்லாவற்றையும் பிரேக்கே சுமந்தால், மெலிந்த பேடும் மெலிந்த டிஸ்க்கும் சீக்கிரம் கொதித்துப் பிடிப்பை இழக்கும். நம் ஊர் நெடுஞ்சாலையில் நன்றாகப் பிடிக்கிற பிரேக் மலையிலும் அப்படியே பிடிக்கும் என்று நினைக்கக் கூடாது.

சரி, மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கிலோமீட்டரை வைத்துச் சொல்ல முடியாது. சத்திரம் பேருந்து நிலையத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவில் தினமும் நெரிசலில் ஓடும் வண்டிக்கு 30,000 கிலோமீட்டரிலேயே பேட் தீரலாம். திண்டுக்கல் சாலையில் சீராக ஓடும் வண்டிக்கு அதைப்போல் இரண்டு மடங்கும் வரலாம். ஓட்டுகிறவரின் காலைப் பொறுத்தது அது. ஆகவே அளந்து பார்ப்பதே வழி. பட்டறையில் மூன்று எண்களைக் கேளுங்கள்.

ஒன்று, பேட் இன்னும் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது? புதிய பேடில் தேயும் பகுதி பொதுவாக 10 முதல் 12 மி.மீ. இருக்கும். 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கினால் ஏறக்குறைய அந்தக் கனம். பின்னால் ஒட்டியிருக்கும் இரும்புத் தகட்டை இதில் சேர்க்கக் கூடாது. பலரும் அதையும் சேர்த்துப் பார்த்துவிட்டு "இன்னும் நிறைய இருக்கே" என்கிறார்கள். உள்பக்கப் பேட், வெளிப்பக்கப் பேட் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

இரண்டு, டிஸ்க்கின் இப்போதைய கனம் எவ்வளவு?

மூன்று, அந்த டிஸ்க்குக்கு அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கனம் எவ்வளவு? இது பெரும்பாலும் டிஸ்க்கின் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாவது எண் மூன்றாவதற்குக் கீழே போய்விட்டால் பேச்சுக்கே இடமில்லை, மாற்ற வேண்டும்.

டிஸ்க்கை அளப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பேட் படாத வெளி விளிம்பு தேயாமல் வரப்பு மாதிரி நிற்கும். நகத்தால் வருடினால் தட்டுப்படும். வெர்னியரை அப்படியே வைத்தால் அந்த வரப்பைத்தான் அளக்கும், கனம் கூடுதலாகக் காட்டும். திருகு அளவியின் முனை சிறியது. வரப்பைத் தாண்டி உள்ளே உட்காரும். பதினொன்றாம் வகுப்பில் "இதெல்லாம் எங்கே சார் உதவப் போகுது?" என்று கேட்டவர்களே, இங்கேதான் உதவுகிறது.

போன வருடம் இரண்டு பேருக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெங்களூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். "சார், பேடும் டிஸ்க்கும் சேர்த்து மாத்தணும்கிறாங்க. ஏமாத்துறாங்களா?" மூன்று எண்களைக் கேட்டுவாங்கச் சொன்னேன். உள்பேட் 2, வெளிப்பேட் 5. டிஸ்க் 21.3, குறைந்தபட்சம் 20. ஆக, பேட் மாற்றியே ஆக வேண்டும், டிஸ்க்குக்கு அவசரமில்லை. உள்பேட் மட்டும் ஏன் இப்படித் தேய்ந்தது என்று பார்க்கச் சொன்னேன். காலிப்பர் நகரும் பின் துருவேறி இறுகிப் போயிருந்தது. அதைச் சுத்தம் செய்து கிரீஸ் போட்டார்கள். செய்யாமல் விட்டிருந்தால் புதுப் பேடும் அதே போலத் தேய்ந்திருக்கும்.

இன்னொருவர் நம் உறவினர். பழைய வண்டி வாங்கியிருந்தார். பேட் புத்தம் புதிது, சத்தமே இல்லை. மணப்பாறையில் பட்டறை வைத்திருக்கும் நம் மாணவர் சக்கரத்தைக் கழற்றி அளந்தார். டிஸ்க் 19.6, குறைந்தபட்சம் 20. விற்றவர் பேடை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார். சத்தத்தை மட்டும் நம்பியிருந்தால் அந்த டிஸ்க்கோடுதான் அவர் குடும்பத்தைக் கொடைக்கானலுக்கு ஏற்றியிருப்பார்.

மெக்கானிக்கைக் கண்மூடி நம்பவும் வேண்டாம், கண்மூடிச் சந்தேகப்படவும் வேண்டாம். எண்ணைக் கேளுங்கள். நல்ல தொழில்காரர் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார், கூப்பிட்டுக் காட்டுவார்.

சத்தத்துக்கும் அர்த்தம் உண்டு. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் மெல்லிய "கீச்" வந்தால், பேட் தீரப்போகிறது என்று அதில் உள்ள சிறு தகடு டிஸ்க்கில் உரசிச் சொல்வதாக இருக்கலாம். எல்லாப் பேடிலும் அந்தத் தகடு இருக்காது. "கரகர" என்று அரைத்தால் இரும்பும் இரும்பும் உரசுகின்றன. வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள். அந்த நிலையில் டிஸ்க்கும் கெட்டு, செலவு இரண்டு மூன்று மடங்காகும். பெடலோ ஸ்டீயரிங்கோ அதிர்ந்தால் டிஸ்க்கின் கனம் ஒரே சீராக இல்லை என்று சந்தேகிக்க வேண்டும். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் காலிப்பரைப் பாருங்கள். மழை பெய்த மறுநாள் காலையில் டிஸ்க்கில் தெரியும் மெல்லிய துரு மட்டும் பயப்பட வேண்டியதல்ல; நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும்.

மாற்றும்போது ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள். இடது, வலது இரண்டும் ஜோடியாகத்தான். பில்லோடு வாங்குங்கள், பெட்டி மட்டும் அசல் மாதிரி இருக்கும் போலிகள் வேண்டாம். சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962-ல் தொடங்கியது. ரானே குழுமத்தின் பிரேக் லைனிங் ஆலை நம் திருச்சிப் பக்கமே இருக்கிறது. நல்ல சரக்குக்குப் பஞ்சமில்லை. புதுப் பேட் போட்ட முதல் 200, 300 கிலோமீட்டர் திடீர் பிரேக்கைத் தவிர்த்து மென்மையாக ஓட்டுங்கள், டிஸ்க்கோடு பேட் படிய வேண்டும். ஆகவே புறப்படும் நாளுக்கு முந்தின நாள் மாற்றிக்கொண்டு மலையேறாதீர்கள். இந்த வாரமே பாருங்கள். பிரேக் ஆயிலையும் சேர்த்துப் பாருங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சூடானால் சீக்கிரம் கொதிக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது.

இறங்கும்போது, ஏறிய கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் உருட்டிப் பெட்ரோல் மிச்சம் பிடிக்க வேண்டாம். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இருக்காமல், அழுத்திக் குறைத்து, விட்டுவிடுங்கள். கருகிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிவிடும் அல்லது விரிசல் விடும்.

மூன்று வண்டிக்காரர்களும் தங்கள் மூன்று எண்களை இங்கே கீழே பதிவு செய்யுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும் அனுப்பலாம். சந்தேகம் இருந்தால் கேளுங்கள், பதில் சொல்கிறேன். எண் வராத வண்டியில் குழந்தைகளை ஏற்ற வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

எல்லோரும் நலமாகப் போய் நலமாகத் திரும்புங்கள். ஆடிப்பெருக்கு வாழ்த்துகள்.