கண்ணுள்ள துவக்கு

துவக்கின் மேல் ஒரு கண்ணாடிக் குழலைப் பொருத்தினால் தொலைவிலுள்ளது அருகில் வந்துவிடும் என்பது பொதுவான எண்ணம். உண்மையில் அருகில் வருவது பொருளின் தோற்றம் மட்டுமே. பொருள் நின்ற இடத்திலேயே நிற்கின்றது. அதனைச் சூழ்ந்துள்ள யாவும் பார்வையினின்றும் நீங்கிவிடுகின்றன. ஒன்றைப் பெரிதாகக் காண்பதற்காகப் பலவற்றைக் காணாது விடுகின்ற இவ்வியல்பே குறிபார்க்கும் தொலைநோக்கியின் பயனுமாகும், ஆபத்துமாகும்.

வன்னிப் பெருநிலம் வேட்டையை அறியாத நிலமன்று. காடும் குளமும் வயலும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் இந்நிலத்தில் பன்றியும் மரையும் மானும் விவசாயியின் அயலவர். விதைத்தவன் இரவெல்லாம் பரணிலிருந்து காவல் காத்தாலன்றி விளைந்ததை வீடு கொண்டு சேர்த்தல் அரிது. அக்காவலுக்குத் துணைநின்றவை குழல்வாயால் மருந்திட்டு இடிக்கும் இடியன் துவக்கும், பின்னர் வந்த தோட்டாத் துவக்குமாகும். சன்னங்களைச் சிதறவிடும் இவற்றின் வலிமை 40 யாருக்கு அப்பால் விரைவிற் குன்றிவிடும். குழலின் முனையிலுள்ள சிறு மணியே குறிகாட்டி. எஞ்சியதைக் கண்ணும் பழக்கமும் பார்த்துக்கொண்டன. 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் துவக்குக்கு அனுமதிப்பத்திரத்தை வேண்டிற்று. 1937 ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வேட்டைக்கு எல்லை வகுத்தது.

இத்தகைய துவக்கொன்றோடு இளமையைக் கழித்தவர் ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள சிற்றூரொன்றின் முதியவர் ஒருவர். போர்க்கால இடப்பெயர்வில் வீட்டோடு துவக்கும் போயிற்று. அவருடைய தமக்கையின் மகன் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாழ்கின்றான். வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்து அனுமதியும் பெற்ற அவன், வெண்வால் மான் வேட்டைக்கும் இலக்குச் சூட்டுக்குமாக றைபிள் ஒன்று வாங்கினான். அதற்குரிய தொலைநோக்கியைத் தெரிவதில் ஐயம் எழ, தொலைபேசியில் மாமனை வினவினான்.

“மாமா, மூண்டு மடங்கிலயிருந்து ஒன்பது மடங்குவரை பெருப்பிச்சுக் காட்டுறது ஒண்டு பாத்திருக்கிறன். இருபத்துநாலு மடங்கு காட்டுறதும் இருக்கு. எதை வாங்க?”

“எவ்வளவு தூரத்தில நிக்கிற மானைச் சுடப்போறாய், தம்பி?”

“காட்டுக்க எண்டால் எழுபது, எண்பது யார்தான் வரும்.”

“மான் எப்ப வெளியில வரும்?”

“விடியப்புறமும் பொழுதுபடேக்கையும்தான், மாமா.”

“அப்ப வெளிச்சத்தைப் பார். மடங்கைப் பாக்காத.”

ஒளியியலைக் கல்லாத முதியவரின் விடை ஒளியியலோடு முற்றாக ஒத்துச்செல்கின்றது. முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்க அளவால் வகுத்தால், கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 40 மில்லிமீற்றர் வில்லை 5 மடங்குப் பெருக்கத்தில் 8 மில்லிமீற்றர் கற்றையைத் தரும்; அதே வில்லை 24 மடங்கில் 2 மில்லிமீற்றரும் தராது. மங்கிய ஒளியில் இளைஞரின் கண்மணி ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் வரை விரியும். ஆகவே, அந்திப்பொழுதில் அதிகம் பெருக்கும் கருவி அதிகம் இருட்டையே காட்டும். பார்வைப் பரப்பும் அவ்வாறே சுருங்குகின்றது. 100 யார் தொலைவில் 3 மடங்குப் பெருக்கம் 30 அடிக்கு மேற்பட்ட அகலத்தைக் காட்டுமாயின், 9 மடங்கு அதன் மூன்றிலொரு பங்கையே காட்டும். பற்றைக்குள் நகரும் விலங்கை அச்சிறு வட்டத்துள் தேடிப்பிடிப்பதற்குள் அது மறைந்துவிடும். கண்ணுக்கும் குழலுக்குமிடையே 3 அல்லது 4 அங்குல இடைவெளி வேண்டும் என்பதும் மறக்கற்பாலதன்று. இன்றேல் துவக்கு உதைக்கும்போது குழலின் விளிம்பு புருவத்தைப் பிளந்துவிடும்.

இலக்குச் சூடு வேறு வகையினது. அங்கே தாள் அசையாது நிற்கின்றது, பகலொளியும் உண்டு. உயர்ந்த பெருக்கம் அங்கே பயன்தரும். ஆயின், பெருக்கம் சுடுபவரின் கைநடுக்கத்தையும் சேர்த்தே பெருக்கிக் காட்டுகின்றது. ஒலிம்பிக் றைபிள் போட்டிகளில் தொலைநோக்கிக்கு இடமே இல்லை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. 10 மீற்றர் காற்றழுத்த றைபிள் போட்டியின் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர் அளவினது. பெருக்கிக் காட்டும் வில்லை ஏதுமின்றிச் சிறு துளை வழியே அதனை நோக்கவேண்டும். கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019 இல் ரியோ டி ஜெனிரோவில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் அவ்வாறே தங்கம் வென்றார். நுண்மை மூச்சிலும் பொறுமையிலும் பிறக்கின்றது. கருவி அதற்குத் துணை மாத்திரமே.

மருமகன் கற்ற வேட்டைப் பயிற்சியில் ஒரு விதி உண்டு. தூரத்தில் அசைவது யாதென அறியத் துவக்கின் தொலைநோக்கியைப் பயன்படுத்தலாகாது. அதற்கு இருகண் தொலைநோக்கி வேண்டும். ஏனெனில், துவக்கின் வழியே எதனைப் பார்த்தாலும் அதன்மேல் துவக்கு நீட்டப்பட்டுவிடுகின்றது. பார்க்கப்படுவது மானாகவும் இருக்கலாம், விறகு பொறுக்கும் மனிதராகவும் இருக்கலாம். இவ்விதியைக் கேட்ட முதியவர் நெடுநேரம் மௌனமாயிருந்தாராம். அம்மௌனத்தின் பொருள் வன்னியில் எவருக்கும் விளங்கும். 2009 இல் முடிவுற்ற போரைக் கடந்துவந்த மக்களுக்குக் குறிபார்க்கும் தொலைநோக்கி வேட்டையை மட்டும் நினைவூட்டும் பொருளன்று. தாமும் யாரோ ஒருவரின் சிறு வட்டத்துள் நின்றிருக்கலாம் என்ற நினைவு அவர்களுக்கு உண்டு.

இவற்றிலும் கொடியது கண்ணே இல்லாத துவக்கு. கட்டுத்துவக்கு எனப்படும் பொறி, மரத்தோடு பிணைத்த இரும்புக் குழலும் விலங்கின் வழிக்குக் குறுக்கே கட்டிய நூலுமாகும். நூலை இடறுவது எதுவோ அதனை அது சுடும். பன்றிக்கென வைத்தது யானையின் காலைத் துளைக்கின்றது. தேனெடுக்கச் செல்பவனின் முழங்காலையும் தகர்க்கின்றது. வைத்தவன் வீட்டில் உறங்கிக்கொண்டிருக்கிறான். எதனைச் சுடுகிறோம் எனக் காணும் கடமையை அவன் நூலிடம் ஒப்படைத்துவிட்டான்.

பயிரழிவு பொய்யன்று. குரங்கு, மயில், மரஅணில் ஆகியவற்றை 2025 மார்ச் 15 ஆம் நாள் நாடெங்கும் ஒரே வேளையில் எண்ணிப்பார்க்க அரசு முற்பட்டமை அதன் கடுமைக்குச் சான்று. விளைவை இழந்த விவசாயியை நோக்கிக் காட்டுயிர்மேல் அன்பு கொள்க என உபதேசித்தல் எளிது. அவனுக்கு வேலியும் நட்டஈடும் பெற்றுக்கொடுத்தலே கடினம். அது நிறைவேறாதவரை காட்டோரங்களில் கட்டுத்துவக்கு ஒழியப்போவதில்லை.

மருமகன் ஈற்றில் 3 முதல் 9 மடங்கு வரையான கருவியையே வாங்கினான். அதனை எப்பொழுதும் 3 மடங்கிலேயே வைத்திருக்குமாறும், தேவை நேர்ந்தால் மட்டும் கூட்டுமாறும் முதியவர் கூறினார். அகலமாகப் பார்த்தபின் குறுகப் பார்த்தல் என்னும் அவ்வொழுங்கு, துவக்கை ஏந்தும் எவருக்கும் பொருந்துவதாகும்.