மெல்லிய காற்றுக்கு ஓர் இன்ஜின்

எட்டில் ஒரு பங்கு அளவில் செய்த ரேடியோ கண்ட்ரோல் பக்கிக்கு நைட்ரோ இன்ஜின் வாங்கப் போகிறவரின் கண் முதலில் போவது பெட்டியின் மேல் அச்சிட்ட இரண்டு எண்களின் மீது: குதிரைத்திறன் எவ்வளவு, நிமிடத்துக்கு எத்தனை சுற்று. பந்தய விதிகள் இந்தப் பிரிவுக்கு 3.5 சி.சி.யை உச்ச வரம்பாக வைத்திருப்பதால் ஜப்பானின் ஓ.எஸ். தொடங்கி இத்தாலிய நிறுவனங்கள் வரை எல்லோரும் அந்த அளவில்தான் போட்டி போடுகிறார்கள். கன அங்குலக் கணக்கில் அதைப் 'பாயிண்ட் டூ ஒன்' என்பது ஹாபிக்காரர் வழக்கு. பெட்டியில் இரண்டரைக் குதிரைத்திறன், 33,000 சுற்று என்பதுபோல் போட்டிருக்கும். அந்த எண்கள் பொய்யல்ல. ஆனால் கடல்மட்டக் காற்றைக் குடித்த இன்ஜினின் எண்கள் அவை. உதகமண்டலம் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. குளிர்ந்த காற்று சற்றே அடர்த்தியானது என்பதால் ஊட்டியின் குளிர் அந்த நட்டத்தில் கொஞ்சத்தைத் திருப்பித் தருகிறது. கூட்டிக் கழித்தால் ஐந்தில் ஒரு பங்கு காற்று போய்விடுகிறது. இரண்டரை என்பது இரண்டாகிவிடும். நீலகிரியில் ஓட்டுவதற்கு இன்ஜின் தேடுபவர் காற்றிலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும் என்பதும், அப்படித் தொடங்கினால் உச்சச் சுற்றுக்காகச் செய்த இன்ஜினை விட்டுவிட்டுக் கீழ்ச்சுற்றில் இழுவை தரும் இன்ஜினுக்கும், நைட்ரோமீத்தேன் தாராளமாகக் கலந்த எரிபொருளுக்கும் வந்து சேர்வார் என்பதும் என் உறுதியான எண்ணம்.

எரிபொருளை முதலில் பேசுகிறேன், ஏனென்றால் மலைக்கான பதில் பாதி அதிலேயே இருக்கிறது. இந்தச் சின்ன டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்கள் குடிப்பது மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் மசகெண்ணெயும் சேர்ந்த கலவை. மசகெண்ணெயில் ஆமணக்கெண்ணெய்க்கு இன்றும் இடம் உண்டு. பெட்ரோலில் சரியாகக் கரையாத அது மெத்தனாலில் நன்றாகக் கரையும், கடும் சூட்டிலும் உலோகத்தை விட்டு எளிதில் விலகாது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். மெத்தனாலுக்கு ஆறரை கிலோ போதும். நைட்ரோமீத்தேனுக்கோ 1.7 கிலோதான். எரிவதற்கான ஆக்சிஜனில் பெரும்பங்கை அது தன் மூலக்கூறுக்குள்ளேயே சுமந்து வருவதே காரணம். நீலகிரிக்காரர்களுக்கு இது புதிய தத்துவம் அல்ல. குன்னூருக்கும் வெலிங்டனுக்கும் பக்கத்தில், அரவங்காட்டில், 1904 முதல் இருந்துவரும் கார்டைட் தொழிற்சாலை செய்துவந்த வெடிமருந்தின் அடிப்படையும் அதுவே: துப்பாக்கிக் குழாய்க்குள் அடைபட்ட கார்டைட் வெளிக்காற்றை எதிர்பார்க்காது, தன்னிடம் இருக்கும் ஆக்சிஜனைக் கொண்டே எரியும். நைட்ரோமீத்தேன் அந்த இனத்தின் சாதுவான உறவு. காற்று குறைந்த இடத்தில், காற்றைக் குறைவாகக் கேட்கும் எரிபொருளைக் கூட்டுவதுதானே நியாயம்? சமவெளியில் 16 சதவீத நைட்ரோவில் திருப்தியாக ஓடும் இன்ஜின் ஊட்டியில் 25 சதவீதத்தை வரவேற்கும். இதில் இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. உயரத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவதால் க்ளோ பிளக் கலவையைத் தாமதமாகப் பற்றவைக்கும். அதற்காகத் தலைக்கு அடியிலுள்ள ஷிம் தகட்டில் ஒன்றை எடுத்து அழுத்தத்தை ஏற்றுவார்கள். நைட்ரோவைக் கூட்டும்போதோ பற்றவைப்பு முந்திவிடாமல் ஷிம் ஒன்றைச் சேர்ப்பார்கள். மலையும் நைட்ரோவும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதால், இரண்டும் சேரும்போது தொழிற்சாலை வைத்த ஷிம்மையே பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். பிளக்கை மட்டும் ஒரு படி சூடானதாக மாற்றிப் பார்த்தால் போதும்.

இனி இன்ஜின். மலைக்கு எந்திரம் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதற்கு மேட்டுப்பாளையம் நிலையத்தில் நிற்கும், நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகுப்பு நீராவி இன்ஜினைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்தில் வடிவமைத்துக் கட்டப்பட்ட அந்த இன்ஜினுக்கு நான்கு சிலிண்டர்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே, பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறும் பல்சக்கரப் பாதையில், உயரழுத்தச் சிலிண்டர்கள் சாதாரணச் சக்கரங்களைச் சுழற்ற, அவற்றிலிருந்து வெளியேறும் அதே நீராவியைத் தாழ்வழுத்தச் சிலிண்டர்கள் வாங்கிப் பல்சக்கரத்தைச் சுழற்றுகின்றன. வேகம் யாருடைய கவலையாகவும் இருக்கவில்லை. ஊட்டி வரையிலான 46 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுத்துக்கொண்டாலும் நடுவில் மூச்சு நின்றுவிடக் கூடாது என்பதே கணக்கு. மூன்றரைக் கிலோ எடையுள்ள பக்கிக்கும் மலை அதே கேள்வியைத்தான் கேட்கிறது. நீலகிரியில் நீளமான நேர்ப்பாதை கிடைக்கும் தட்டையான இடம் அரிது. கிடைப்பவை சரிவான மைதானங்களும் ஈரச் செம்மண்ணும் கூர்வளைவுகளும்தான். 33,000 சுற்றை எட்டுவதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடும். அந்த உச்சத்தில்தான் தன் பலத்தைக் காட்டும், சிலிண்டர் சுவரில் ஏழு போர்ட் (வாயு வழி) கொண்ட இன்ஜினை இங்கே வாங்குவது, காசு கொடுத்துப் பயன்படாத பகுதியை வாங்குவதாகும். மூன்று அல்லது ஐந்து போர்ட் கொண்ட, பிஸ்டன் வீச்சு சற்று நீண்ட இன்ஜின் பாதிச் சுற்றிலேயே இழுக்கத் தொடங்கும். கிளட்ச் பெல்லில் ஒரு பல் குறைத்துவிட்டால் இன்னும் நல்லது.

காற்று போதவில்லை என்றால் கார்புரேட்டர் வாயை அகலமாக்கினால் ஆயிற்று என்று ஒருவர் சொல்லலாம். உச்சச் சுற்றில் அது உண்மைதான். ஆனால் வாய் அகன்றால் தாழ்ந்த சுற்றில் காற்றின் ஓட்டம் மந்தமாகி எரிபொருளை இழுக்கும் உறிஞ்சல் தளர்ந்துவிடும். திருப்பத்தில் வேகம் குறைத்து மேட்டில் மீண்டும் முடுக்கும் அந்த ஒரு நொடியில் இன்ஜின் திணறும் அல்லது நின்றுவிடும். அந்த நொடிதான் மலையில் முக்கியம். பெரிய இன்ஜினே வாங்கிவிட்டால் என்ன என்பது அடுத்த கேள்வி. நாலரை சி.சி.க்கு மேல் போனால் இழந்த காற்றை அளவால் ஈடுகட்டிவிடலாம், உண்மை. அதற்கு விலையாக எடை கூடும், டிஃபரன்ஷியலும் டிரைவ் ஷாஃப்டும் அந்த இழுவைக்குச் செய்யப்பட்டவை அல்ல என்பதால் தேயும், போட்டிக்குக் கோவைக்கோ பெங்களூருக்கோ கொண்டுபோனால் விதி இடம் தராது. எல்லாவற்றுக்கும் மேலாக எரிபொருளை அள்ளிக் குடிக்கும். எந்த இன்ஜினாக இருந்தாலும் கார்புரேட்டரில் எரிபொருளை அளக்கும் ஊசியைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம் என்ற வாதத்தை நான் இவற்றைவிட மதிக்கிறேன், ஏனென்றால் அதில் பாதி உண்மை. காற்று ஐந்தில் ஒன்று குறையும்போது கார்புரேட்டர் வழியே வரும் எரிபொருள் அந்த அளவுக்குக் குறைவதில்லை. எனவே கோவையில் சரியாக வைத்த ஊசி ஊட்டியில் எரிபொருளை மிகுதியாக ஊற்றி, புகையைக் கக்கி, இன்ஜினை இருமவைக்கும். ஊசியை உள்ளே திருகினால் இருமல் நிற்கும். இல்லாத காற்றை ஊசியால் கொண்டுவர முடியாது. இருக்கும் காற்றுக்கு ஏற்ப எரிபொருளை அளப்பதே அதன் வேலை.

குளிரையும் மறந்துவிடக் கூடாது. இந்த இன்ஜின்களில் பிஸ்டன் வளையம் கிடையாது. மேலே போகப்போகக் குறுகும் ஸ்லீவில் பிஸ்டன் குளிர்ந்த நிலையில் இறுகப் பிடிக்கும். சூடேறினால்தான் சரியான இடைவெளி உண்டாகும். மார்கழி, தை மாதங்களில் புல்லின் மேல் உறைபனி படியும் ஊட்டிக் காலையில் புது இன்ஜினைக் கயிறு இழுத்துக் கிளப்ப முயன்றால் கயிறு அறும், இல்லையேல் கனெக்டிங் ராடு பழுதாகும். ஆகவே இங்கே கயிற்று ஸ்டார்ட்டர் உள்ள இன்ஜின் வேண்டாம். ஸ்டார்ட்டர் பெட்டியில் வைத்துக் கிளப்பும் வகையை வாங்கி, தலையை ஹேர் டிரையரால் நன்றாகச் சூடாக்கிய பிறகே கிளப்ப வேண்டும். சூட்டை அளப்பதிலும் மலை ஏமாற்றும். இன்ஜின் தலையில் ஒரு துளி நீர் விட்டுப் பார்ப்பது பழைய சோதனை; சில நொடி கொதித்து ஆவியானால் சரி, பட்டதும் சீறி மறைந்தால் சூடு அதிகம் என்பார்கள். ஊட்டியில் நீர் 93 டிகிரிக்குள் கொதித்துவிடும். துளி சீக்கிரம் மறைவதைக் கண்டு சூடு அதிகம் என்று நினைத்து ஊசியை வெளியே திருகுவார்கள். ஏற்கெனவே எரிபொருளில் மூழ்கிய இன்ஜின் மேலும் மூழ்கும். கடைசியில் இன்ஜின் மட்டம் என்று பழி வரும். இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்று இன்று எளிதாகக் கிடைக்கிறது. இன்ஜினோடு சேர்த்து அதையும் வாங்குவது செலவல்ல. மூடுபனியின் ஈரத்தை மெத்தனால் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் ஓட்டம் முடிந்ததும் டாங்கைக் காலிசெய்து, பேரிங் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் விடுவதும் சமவெளியைவிட இங்கே அவசியம்.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு மின்மோட்டார்தான். அதற்குக் காற்றே வேண்டாம். சென்னையில் தரும் பலத்தை ஊட்டியிலும் தரும். பேட்டரி குளிரில் கொஞ்சம் சோர்வதைத் தவிர அதன் மேல் சொல்லக் குறையில்லை. பக்கி ஓடினால் போதும் என்பவர் மின்மோட்டாரையே வாங்கட்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. காட்டுமாடு மேயும் தேயிலைத் தோட்டங்களின் ஓரத்திலும் சோலைகளை ஒட்டியும் நைட்ரோ இன்ஜினின் அலறல் எழவே கூடாது என்றும் நினைக்கிறேன். அதன் இடம் ஊருக்குள் உள்ள, அனுமதி பெற்ற மைதானம். எரிபொருளின் கதை இன்னும் கடினமானது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அந்த மெத்தனால்தான் இந்தக் கலவையின் பெரும்பகுதி. எனவே தனித்தனியாக வாங்கி வீட்டில் கலக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, முத்திரையிட்ட டப்பாவில் வருவதை மட்டுமே வாங்கி, பூட்டி வைக்க வேண்டும். டப்பா அரிதாகக் கிடைப்பதும் விலை கூடியதும் சிறிய, சிக்கனமான இன்ஜினுக்குச் சாதகமாகவே பேசுகின்றன. இத்தனைக்குப் பிறகும் ஒருவர் நைட்ரோவைத் தேடுகிறார் என்றால், காற்றையும் நெருப்பையும் எண்ணெயையும் தன் விரல் நுனியால் சரிகட்டும் வேலையே அவருக்கு வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்கு நீலகிரியைவிடக் கூர்மையான பயிற்சிக்களம் தமிழ்நாட்டில் இல்லை.

மலை ஏறும்போது செய்யும் தவறை இன்ஜின் மன்னித்துவிடும்: புகை வரும், இருமும், நின்றுபோகும், அவ்வளவுதான். இறங்கும்போது அப்படியல்ல. ஊட்டியின் மெல்லிய காற்றுக்காக உள்ளே திருகிய ஊசியோடு பக்கியைக் காரில் வைத்து மேட்டுப்பாளையத்துக்குக் கொண்டுவந்தால், இரண்டு மணி நேரத்தில் 1,900 மீட்டர் இறங்கியிருப்போம். அங்கே அடர்ந்த காற்றுக்கு அந்த எரிபொருள் போதாது. எண்ணெயும் எரிபொருளோடு கலந்தே வருவதால் மசகும் குறையும். கிளப்பிய சில நிமிடங்களுக்கு இன்ஜின் முன்னெப்போதையும்விடக் கூர்மையாகப் பாடும்; அந்தப் பாட்டுக்குள்ளேயே பிஸ்டன் தலை வெந்துகொண்டிருக்கும். கீழே முதன்முதலாகக் கிளப்புவதற்கு முன் பிரதான ஊசியைக் கால் சுற்றுக்குக் குறையாமல் வெளியே திருகிவிட்டு, புகை தாராளமாக வருகிறதா என்று பார்த்த பிறகே ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டும்.