பெயரும் ஒன்று, வருஷமும் ஒன்று

ஜூலை 5, சனி. பொத்தேரி

சித்தப்பா ஓலைக்கட்டையும் சந்தனக் கிண்ணத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளி வேலை செய்த எங்கள் வீட்டில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர்தான். அதனால் "பெரியவர் அடித்த கிண்ணம்" என்றால், எந்தப் பெரியவர் என்று கேட்கவேண்டியிருக்கிறது. லண்டன் வெள்ளிச் சாமான்களில் 1478 முதல் வருஷத்துக்கு ஓர் எழுத்து முத்திரை உண்டு. இந்தக் கிண்ணத்தில் விளிம்போரம் உளி வேலைப்பூ, அடியில் பொடி வைத்து ஊதிய தடம், அவ்வளவுதான். இருநூறு வருஷம் கழித்தும் அந்த ஒட்டு விடவில்லை. இவர் யார் என்று தெரிந்தே ஆகவேண்டும்.

ஜூலை 6, ஞாயிறு

ஓலை ஒன்று ஜாதகம். புள்ளி இல்லாத எழுத்து, ஓரம் செல்லரித்தது. "சித்திரபானு வருஷம் ஆடி மாதம்" வரை வாசிக்க முடிந்தது. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும் சித்திரபானு: 1762, 1822, 1882. கடைசியது கொள்ளுத்தாத்தா பிறந்த வருஷம். அவர் ஜாதகம் காகிதத்தில் தனியாக இருக்கிறது. மற்ற இரண்டில் எது? அறுபதாம் கல்யாணம் நடந்த வருஷமே பேரன் பிறந்தான், அதே பெயரை வைத்தார்கள் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துப் பால் ரிவியர் குடும்பத்திலும் அப்பா, மகன், பேரன் மூவருக்கும் அதே பெயர், மூவரும் வெள்ளி வேலைக்காரர்கள். ஆனால் அப்பா 1754இல் இறந்துவிட்டார். மகன் 1761 முதல் எழுதிய பட்டறைக் கணக்கு பத்திரமாக இருக்கிறது. எங்களுக்கு அப்படி நோட்டு எதுவும் இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

கூடுவாஞ்சேரி ஜோசியர் கட்டத்தைப் பார்த்ததும் சொன்னார்: "குருவையும் சனியையும் விட்டுடும்மா. அறுபது வருஷத்துல குரு அஞ்சு சுத்து, சனி ரெண்டு சுத்து. கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வந்துடும். ராகுவைப் பாரு."

ராகுவுக்கு ஒரு சுற்று பதினெட்டரை வருஷம். அறுபதில் சரியாக அடங்காது. பஞ்சாங்கக் கணக்குப் போட்டோம். 1822 ஆடியில் ராகு மகரத்தில், 1762 ஆடியில் மேஷத்தில். ஓலையைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தார். மேஷ வீட்டில் கீறல் போல 'ரா'. எனக்குக் கை நடுங்கியது. இது தாத்தாவின் ஜாதகம், பேரனுடையது அல்ல.

ஜூலை 10, வியாழன்

லோக்கல் ரயிலில் எழும்பூர், ஆவணக் காப்பகம். செங்கல்பட்டுச் சீமையை ஆற்காட்டு நவாப் 1763இல் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். பிறகு தாமஸ் பர்னார்டு என்ற எஞ்சினியர் 1767 தொடங்கி 1774 வரை ஊர் ஊராகக் கணக்கு எடுத்தார். தொழில்வாரியாக வீடுகள், மானியம், களத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு எல்லாம் உண்டு. தச்சர், கொல்லர், தட்டார் என்று வரிசையாக ஊர் கண்முன் வந்து நிற்கிறது. இங்கிருப்பது ஆங்கிலச் சுருக்கம். தமிழ் ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில்.

திரும்பும் வழியில் தாம்பரம் தாண்டும்போது உறைத்தது. கணக்கு முடிந்த 1774இல் எங்கள் பிள்ளைக்கு வயது பன்னிரண்டுதான். ஊதுகுழல் பிடித்துப் பழகும் வயது. தஞ்சை ஓலையில் எங்கள் பெயருள்ள தட்டார் இருந்தால், அது இவனாக இருக்க முடியாது. இவனுடைய தாத்தா.

ராத்திரி சித்தப்பாவுக்குப் போன் செய்து, வம்சாவளியில் 1762க்கு மேலே இரண்டு தலைமுறைக்கு இடம்விட்டு எழுதச் சொன்னேன். அடுத்த வாரம் தஞ்சாவூருக்குத் தானும் வருவதாகச் சொன்னார்.