இரண்டாவது வரிசையில் நின்ற பெண்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

போன வாரம் நோம்பிக்கு ஊருக்கு வந்த என் பழைய மாணவி ஒருத்தி என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தாள். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள், இப்போது 24 வயது. எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் பெயர் போடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறாள். சென்னையில் மாடலிங் செய்கிறாள். சினிமா இல்லை. துணிக்கடை விளம்பரம், ஆன்லைனில் விற்கும் சுடிதார், சேலைகளுக்குக் கேட்டலாக் படம், எப்போதாவது ராம்ப் வாக்.

"ஒரு நாளைக்கு நாப்பது அம்பது டிரஸ் மாத்தணுங்க டீச்சர். ஜாக்கெட் லூசா இருந்தா முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இழுத்துருவாங்க. முன்னால பாத்தா அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் படத்தைப் பார்த்து ஆர்டர் போட்டுவிட்டுத்தானே, வந்த துணி சரியில்லை என்று நாம் புலம்புகிறோம்!

"வேண்டாம்னு திருப்பி அனுப்பறப்ப மனசு உடைஞ்சு போகாதா கண்ணு?" என்று கேட்டேன்.

பத்து இடத்துக்குப் போனால் ஒன்றிரண்டு கிடைப்பதே பெரிதாம். ஏன் எடுக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை. ஆரம்பத்தில் ஒவ்வொரு முறையும் அறைக்கு வந்து கண்ணாடி முன் நின்று, மூக்கா, பல்லா, தாடையா என்று குறை தேடியிருக்கிறாள். இராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தி, ஒருநாள் படப்பிடிப்பிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். அப்போது உடன் தங்கியிருந்த மூத்த பெண் ஒருத்தி சொன்னாளாம்: "கடைக்காரர் மனசுல ஒரு முகம் வெச்சிருப்பார். அது உன் முகம் இல்ல, அவ்வளவுதான். அதுக்காக உன் முகத்துல தப்பு இருக்குன்னு அர்த்தமா?"

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். வேலை கிடைத்ததா இல்லையா என்பது அதில் இருக்காது. சரியான நேரத்துக்குப் போனேனா, நடை எப்படி இருந்தது, போட்டோகிராபர் என்ன திருத்தினார் என்பது மட்டும். "நீங்க போடச் சொன்ன பிழை திருத்த நோட்டுதாங்க டீச்சர். ஆனா நான் சரியாச் செஞ்சதையும் எழுதறேன்" என்றாள். 34 வருடம் சிவப்பு மையோடு இருந்தவளுக்கு அது நன்றாகவே உறைத்தது.

படங்களுக்கு வரும் கமெண்டுகளை அவள் படிப்பதில்லை. தம்பி பார்த்து வேண்டியதை மட்டும் சொல்கிறான்.

நிறத்தைப் பற்றியும் பேச்சு வந்தது. ஒரு கடை பேனரில் இவள் முகத்தையும் கையையும் கம்ப்யூட்டரில் வெளுத்துவிட்டார்கள். அதன் கீழே நின்ற அம்மா, "இது உன்ற கையா?" என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு, படம் எடுக்கும் முன்பே "என் கலரை மாத்தாதீங்க" என்று சொல்லிவிடுகிறாள். அதனாலேயே இரண்டு வேலை போயிற்று. வருத்தம் உண்டு, ஆனால் சொல்வதை நிறுத்தவில்லை.

நம் நாட்டில் ஃபேர் அண்ட் லவ்லி வந்தது 1975-இல். பெயரிலிருந்து அந்த 'ஃபேர்' போக 2020 வரை ஆயிற்று. கருப்பாக இருப்பவர்களைத் தாழ்வாகக் காட்டி விளம்பரம் செய்யக்கூடாது என்று விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் நெறிமுறை வகுத்ததே 2014-இல்தான். பிரான்சில் 2017 முதல், விளம்பரப் படத்தில் மாடலின் உடலை ஒல்லியாகவோ பருமனாகவோ மாற்றினால் அது திருத்தப்பட்ட படம் என்று போட வேண்டும். மாடல்களுக்கு மருத்துவச் சான்றும் வேண்டும். இராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திய நம் பெண்ணுக்கு அப்படிக் கேட்பார் யாரும் இல்லை.

ஊரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்றால், இல்லை. அதற்காகத்தான் இந்தப் பதிவே.

2011 ஆண்டு விழா. கரகாட்டத்துக்கு எட்டுப் பிள்ளைகளைத் தயார் செய்தேன். நன்றாக ஆடியது இவள்தான். தலைமை விருந்தினர் வருகிறார், போட்டோ எடுப்பார்கள் என்று, சிவப்பாக இருந்த நான்கு பேரை முன்னால் நிறுத்தினேன். இவளிடம், "நீ உயரமா இருக்கறே, பின்னால நில்லு சாமி" என்றேன்.

காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவளே அதை எடுத்தாள். "அப்ப நான் உயரமே இல்லீங்க டீச்சர். என்னைவிட ஒசரமான புள்ள முன்னால நின்னுச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் என்ன பேசுவதென்று தெரியவில்லை. "நிறத்தைப் பாத்துத்தான் நிறுத்துனேன் கண்ணு. தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். "பரவால்லீங்க டீச்சர்" என்று அவள் சொல்லவில்லை. "தெரியுங்க டீச்சர்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, முறுக்கு இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள்.

உறவுகளுக்கு ஒன்று: அவள் அம்மாவை வழியில் பார்த்தால், "இந்த வேலையெல்லாம் நமக்கெதுக்கு" என்று ஆரம்பிக்காதீர்கள். பி.காம் முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். மகளுக்கு இந்த ஆசை இருக்கிறது என்று கேட்ட மாணவர்களுக்கு: வாய்ப்புத் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் ஏஜென்சிக்குக் காசு கட்டாதீர்கள், முதல் சில படப்பிடிப்புகளுக்குக் கூடவே போங்கள். இதுவும் அவள் சொன்னதுதான்.

அந்த 2011 விழா போட்டோ என்னிடம் இல்லை. அன்றைக்கு ஆடியவர்கள் யாரிடமாவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள். பின் வரிசை முகங்கள் தெரிகிற படமாகப் பார்த்து அனுப்புங்கள்.