கோயில் வேன் முனகியது ஏன்?



பீடோங் பக்கம் தோட்டத்துப் பாட்டிமார்களை வெள்ளிக்கிழமை பூசைக்கு ஏற்றி வரும் நம்ம கோயில் வேனுக்கு 20 வயசுக்கு மேல ஆச்சு. ரெண்டு மாசமா ஸ்டேரிங்கை ஒடிச்சா 'ஊம்'னு முனகும். நான் பவர் ஸ்டேரிங் எண்ணெய் ஊத்துவேன், சத்தம் நிக்கும். அதோட விட்டுடுவேன்.

போன வெள்ளி ஆறு பாட்டிங்க உள்ளே. முச்சந்தியில் திரும்பும்போது ஸ்டேரிங் கல்லு மாதிரி இறுகிப்போச்சு. முருகன் புண்ணியம், எதிரே லாரி இல்லை.

ஒர்க்‌ஷாப்பில் பம்ப் போச்சு, 700 வெள்ளி என்றார்கள். உண்டியல் காசு, மனசு வரலை. மறுநாள் நானே பார்த்தேன்.

பெல்ட் தளர்ந்தா 'கீச்'னு கத்தும். எண்ணெய் குறைஞ்சாலோ, காத்து புகுந்தாலோ முனகும். எஞ்சின் வேகம் கூடினா அதுவும் கூடும். எண்ணெய் டப்பாவைத் திறந்தேன். அளவு குறைவு, மேலே நுரை. நுரைன்னா காத்து. பம்புக்குப் போற ரப்பர் ஹோஸில் கிளிப் தளர்ந்து, அடியில் ஈரம்.

புது ஹோஸ், கிளிப், எண்ணெய் போட்டேன். முன்சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்ட் வச்சு, எஞ்சினை அணைச்சு, ஸ்டேரிங்கை ரெண்டு பக்கமும் மெதுவா பலமுறை திருப்பிக் காத்தை வெளியேத்தினேன். 60 வெள்ளிக்குள் சத்தம் போச்சு.

தொழிற்சாலையில் மெஷின் சத்தம் மாறினா பிள்ளைகளைத் திட்டுறவன் நான். கோயில் வண்டியை மட்டும் சாமி பார்த்துக்கும்னு இருந்துட்டேன். அந்த எண்ணெய் தானா குறையாது. குறைஞ்சா எங்கேயோ ஒழுகுது. உங்க பழைய காடியிலும் ஒருதடவை திறந்து பாருங்க.

முருகா சரணம்.